தனியார் நிலப் பயன்பாடும் காட்டுயிர்களும்

தனியார் நிலப் பயன்பாடு என்பது ஒருவர் தமக்கு உடைமையான நிலத்தில் வேலி அமைத்தல், பயிரிடுதல், கால்நடை வளர்த்தல், கட்டடம் எழுப்புதல் போன்ற செயல்களைக் குறிக்கும். இச்செயல்களின் விளைவுகள் அந்நிலத்தின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. அருகிலுள்ள காப்புக்காடுகள், ஏரிகள், புல்வெளிகள் முதலிய பொது நிலங்களில் எந்த விலங்குகள் வாழ முடியும், அவை எவ்வழியே நடமாட முடியும், எங்கே வேட்டைக்கு இரையாகும் என்பவற்றையும் இச்செயல்கள் தீர்மானிக்கின்றன. காட்டு விலங்குகள் நில உடைமை எல்லைகளை அறிவதில்லை என்பதே இதற்கு அடிப்படைக் காரணமாகும்.

தமிழ்நாட்டில் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு நீலகிரி மாவட்டத்திலுள்ள சீகூர் மேட்டுநிலம் ஆகும். இங்கு யானைகளின் வழித்தடத்தில் அமைந்த தனியார் விடுதிகள் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காப்புக்காடுகள் மிகக் குறைவாக உள்ள கடலூர் மாவட்டச் சமவெளியில், நெய்வேலியைச் சூழ்ந்த பகுதிகளில், இதே சிக்கல் வேறு வடிவில் காணப்படுகின்றது.

நிலமும் விலங்கும்: உடைமை நிலை

தமிழ்நாட்டின் நிலங்களை இக்கட்டுரைப் பொருளை ஒட்டி மூன்று வகையாகப் பிரிக்கலாம். வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள காப்புக்காடுகள் முதல் வகை. வருவாய்த்துறை, நீர்வளத்துறை போன்றவற்றின் பொறுப்பில் உள்ள புறம்போக்கு நிலங்களும் ஏரிகளும் இரண்டாம் வகை. தனி ஆட்கள் அல்லது நிறுவனங்களின் பெயரில் உள்ள பட்டா நிலங்கள் மூன்றாம் வகை. ஒரே யானைக் கூட்டம் ஒரே இரவில் இம்மூன்று வகை நிலங்களையும் கடந்து செல்லக்கூடும்.

நிலம் தனியாருக்கு உடைமையாக இருப்பினும், அதில் திரியும் காட்டு விலங்கு அவருக்கு உடைமையாவதில்லை. 1972 ஆம் ஆண்டின் இந்தியக் காட்டுயிர் (பாதுகாப்பு)ச் சட்டம் பட்டா நிலத்திற்கும் பொருந்தும். தம் நிலத்திற்குள் வந்தது என்பதற்காக ஒரு விலங்கைக் கொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. மனித உயிரைக் காக்கும் பொருட்டு நல்லெண்ணத்துடன் செய்யும் செயலுக்கு மட்டும் சட்டம் விலக்கு அளிக்கின்றது. முதலாம் அட்டவணையில் உள்ள யானை, புலி போன்றவற்றைப் பயிரை அழித்தது என்ற காரணத்திற்காகக் கொல்ல அனுமதி வழங்க இயலாது. காட்டுப்பன்றி போன்ற இரண்டாம் அட்டவணை விலங்குகள் பயிருக்குக் கேடு விளைவிக்குமாயின், உரிய அலுவலரின் எழுத்து மூலமான ஆணையின் பேரில் அவற்றைக் கொல்லலாம்.

எனவே விலங்கைக் காக்கும் பொறுப்பு அரசிடமும், அந்த விலங்கு பயன்படுத்தும் நிலத்தின் ஒரு பகுதி தனியாரிடமும் உள்ளன. இக்கட்டுரையில் கூறப்படும் சிக்கல்கள் யாவும் இந்தப் பிரிவினையிலிருந்தே தோன்றுகின்றன.

வேட்டையின் வரலாறு

பிரித்தானியர் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் காப்பி, தேயிலைத் தோட்டங்கள் பரவியபோது, வேட்டையும் பெருகியது. நீலகிரி வரையாடு, கடமான் ஆகியவற்றின் எண்ணிக்கை குறைவதைக் கண்ட வேட்டைக்காரர்களே முதலில் கட்டுப்பாட்டைக் கோரினர். 1877 இல் நீலகிரி வேட்டை விலங்குச் சங்கம் தொடங்கப்பட்டது. 1879 இல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வேட்டைக்கு உரிமம் பெறுதல், குறிப்பிட்ட மாதங்களில் வேட்டையைத் தவிர்த்தல் ஆகிய முறைகள் இதன் வழியே நடைமுறைக்கு வந்தன. பின்னாளில் அச்சங்கம் காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பாக மாறியது.

யானைகளைப் பொறுத்தவரை, சென்னை மாகாணத்தில் 1873 இலும், பின்னர் இந்திய அளவில் 1879 இலும் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. எனினும் 1879 ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டையோ பயிரையோ சேதப்படுத்தும் நிலையில் காணப்படும் யானைக்குப் பாதுகாப்பு அளிக்கவில்லை. அதாவது, காட்டில் காக்கப்பட்ட யானை, வயலுக்குள் நுழைந்தவுடன் அப்பாதுகாப்பை இழந்தது.

நிலங்களும் இருவகைக்குமிடையே கைமாறியுள்ளன. இன்று புலிகள் காப்பகமாக உள்ள முதுமலைக் காடுகள், 19 ஆம் நூற்றாண்டில் நிலம்பூர் கோவிலகத்திற்கு உரியவையாக இருந்தன. அரசு அவற்றை மரம் வெட்டும் பொருட்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1940 இல் அதன் ஒரு பகுதி காட்டுயிர்ச் சரணாலயம் ஆயிற்று.

தனியார் மேலாண்மை விலங்குகளுக்கு நன்மை விளைவித்ததற்கு மூணாறுக்கு அருகிலுள்ள இரவிகுளம் ஒரு சான்றாகும். இங்குள்ள உயர்மலைப் புல்வெளிகள் தேயிலை நிறுவனத்தின் வசம் இருந்தன. தோட்ட அலுவலர்கள் அவற்றைத் தங்கள் வேட்டைக் காடாகப் பேணினர். முதுவர் பழங்குடியினர் காவலர்களாக அமர்த்தப்பட்டனர். வேட்டைக்காகவே பேணப்பட்டதாயினும், புல்வெளி தேயிலைத் தோட்டமாக மாறாமல் எஞ்சியது. கேரள அரசு 1971 இல் சட்டம் இயற்றி இந்நிலத்தைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. 1975 இல் சரணாலயமாகவும், 1978 இல் தேசியப் பூங்காவாகவும் அது அறிவிக்கப்பட்டது. நீலகிரி வரையாடுகள் மிகுதியாக வாழும் இடங்களுள் இன்றும் இது முதன்மையானது.

1972 ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கத்தில் சில விலங்குகளை உரிமத்துடன் வேட்டையாட இடமளித்தது. 1991 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அவ்வகை உரிமங்கள் நீக்கப்பட்டன. அதன் பின்னர் இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்குச் சட்டத்தில் இடமில்லை. மரபுவழியாக வேட்டையைத் தொழிலாகக் கொண்டிருந்த நரிக்குறவர் போன்ற மக்களின் வாழ்வாதாரம் இம்மாற்றங்களால் பெரிதும் பாதிக்கப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

சீகூர் மேட்டுநிலம்

சீகூர் மேட்டுநிலம் நீலகிரி மலையின் வடக்குச் சரிவிற்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்கிற்கும் இடையே அமைந்துள்ளது. மேற்கே முதுமலை, வடக்கே கருநாடக மாநிலத்தின் பந்திப்பூர், கிழக்கே சத்தியமங்கலம் ஆகிய புலிகள் காப்பகங்கள் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் விலங்குகள் நடமாடும் வகையில் இணைக்கும் பகுதி இதுவாகும். ஆசிய யானைகளின் மிகப்பெரிய தொகுதிகளுள் ஒன்று இக்காடுகளில் வாழ்கின்றது.

வளர்ந்த யானை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் தீவனமும், 100 லிட்டருக்கும் மேற்பட்ட நீரும் தேவைப்படும். ஒரே இடத்தில் ஆண்டு முழுவதும் இவை கிடைப்பதில்லை. ஆகவே யானைகள் பருவத்திற்கேற்ப இடம்பெயர்கின்றன. செங்குத்தான மலைச்சரிவு தெற்கிலும், ஆழ்ந்த பள்ளத்தாக்கு வடக்கிலும் இருப்பதால், இடையிலுள்ள குறுகிய சமநிலமே அவற்றின் இயல்பான பாதையாக உள்ளது. மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் ஆகிய ஊர்களும் அவற்றைச் சார்ந்த பட்டா நிலங்களும் இதே சமநிலத்தில்தான் அமைந்துள்ளன.

முன்னர் இந்நிலங்களில் பெரும்பாலும் வேளாண்மையும் கால்நடை வளர்ப்பும் நடைபெற்றன. சுற்றுலா வளர்ந்தபோது நிலங்கள் பல கைமாறி, தங்கும் விடுதிகளாயின. விடுதியைச் சுற்றி வேலி போடப்பட்டது. இரவில் விளக்கு, ஒலி, வாகன நடமாட்டம் ஆகியவை பெருகின. தனித்தனியே நோக்கினால் ஒவ்வொரு விடுதியும் சிறிய இடத்தையே அடைக்கின்றது. ஆனால் அடுத்தடுத்து அமையும்போது, அவற்றின் வேலிகள் ஒன்றுசேர்ந்து காடு முதல் காடு வரை செல்லும் பாதையை மறிக்கும் சுவராகின்றன. பாதை அடைபட்ட யானைகள் ஊருக்குள்ளும் வயலுக்குள்ளும் நுழைய நேரிடுகின்றது. இதனால் விடுதி நடத்தாத சிறு உழவர்களும், இருளர், குறும்பர் முதலிய பழங்குடி மக்களும் இழப்பிற்கு ஆளாகின்றனர்.

யானை வழித்தடத்தைக் காக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடுக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2010 ஆகத்து மாதத்தில் வழித்தடத்தை அடையாளம் காட்டும் அறிவிக்கையை வெளியிட்டது. 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதனை ஏற்றுத் தீர்ப்பளித்தது. விடுதி உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தனர். 2018 ஆகத்தில் வழித்தடத்திலுள்ள விடுதிகளை மூடி முத்திரையிட உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 அக்டோபர் 14 அன்று, அரசின் அறிவிக்கை செல்லும் என இறுதித் தீர்ப்பு வழங்கப்பட்டது. நில உடைமையாளர்களின் தனிப்பட்ட மறுப்புகளைக் கேட்பதற்கு, உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஒருவர் தலைமையில் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது.

தீர்ப்புக்குச் சில மாதங்களின் பின்னர், 2021 சனவரியில், மசினகுடியில் தங்கும் விடுதி ஒன்றின் அருகே வந்த காட்டு யானை மீது எரியும் பொருள் வீசப்பட்ட காணொளி வெளியானது. காயமுற்ற அந்த யானை உயிரிழந்தது. இந்நிகழ்வு நாடு முழுவதும் கவனத்தை ஈர்த்தது.

விளைவுகள் ஏற்படும் முறைகள்

வேலி

மின்வேலிகள் இருவகைப்படும். மின்கலத்திலிருந்து விட்டுவிட்டுப் பாயும் குறுகிய மின்துடிப்பால் இயங்கும் வேலி விலங்கை அதிர்ச்சியுறச் செய்து விரட்டும்; கொல்லாது. இவற்றுள் பல சூரிய ஆற்றலால் இயங்குவன. வீட்டு மின் இணைப்பிலிருந்தோ மின்கம்பத்திலிருந்தோ நேரடியாக மின்சாரம் பாய்ச்சப்படும் கம்பி உயிரைக் கொல்வது, சட்டத்திற்குப் புறம்பானது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே வயலில் அமைக்கப்பட்டிருந்த இத்தகைய வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. அவற்றுடன் வந்த இரண்டு குட்டிகள் உயிர் தப்பின. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு, காப்புக்காடுகளை ஒட்டிய பகுதிகளில் மின்வேலி அமைப்பதைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டது.

கால்நடையும் மருந்தும்

சீகூர்ப் பகுதியில் மாடுகள் பாலுக்காக மட்டுமன்றிச் சாணத்திற்காகவும் பெருமளவில் வளர்க்கப்பட்டு வந்துள்ளன. சாணம் கேரளத் தோட்டங்களுக்கு உரமாக விற்கப்பட்டது. மாடு தனியாருக்கு உரியது; அது மேயும் புல் பொதுக் காட்டிற்கு உரியது. ஒரே புல்லை நம்பியிருக்கும் மான், காட்டெருது ஆகியவற்றுடன் இம்மாடுகள் போட்டியிடுகின்றன.

இதே மாடுகள் மற்றொரு பறவையின் வாழ்வையும் தீர்மானிக்கின்றன. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு ஆகிய பிணந்தின்னிக் கழுகுகள் வாழ்கின்றன. டைக்குளோபீனாக் என்னும் வலி நீக்கி மருந்து செலுத்தப்பட்ட மாடு இறந்து, அதன் உடலைப் பாறுகள் உண்டால், சிறுநீரகம் செயலிழந்து அவை இறக்கின்றன. இம்மருந்தின் காரணமாக இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 1990களின் தொடக்கத்திற்கும் 2007 க்கும் இடையே 99 விழுக்காட்டிற்கும் மேல் வீழ்ச்சியுற்றது. 2006 இல் கால்நடைகளுக்கு இம்மருந்தைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. 2023 இல் கீட்டோபுரோபேன், அசிக்குளோபீனாக் ஆகிய மருந்துகளுக்கும் தடை விதிக்கப்பட்டது. பாறுகள் கூடு கட்டும் மரம் காப்பகத்திற்குள் இருந்தபோதிலும், அவற்றின் உயிர் மாட்டுக் கொட்டிலில் செலுத்தப்படும் ஊசியைச் சார்ந்துள்ளது.

அயல் தாவரங்கள்

உண்ணிச்செடி அயல்நாட்டிலிருந்து தோட்ட அழகிற்காகக் கொண்டுவரப்பட்டது. பறவைகள் அதன் பழங்களை உண்டு விதைகளைப் பரப்பியதால், இன்று முதுமலை உட்படப் பல காடுகளின் தரைப்பகுதியை அது மூடியுள்ளது. அதனடியில் புல் வளர்வதில்லை. புல் குறையும்போது தாவர உண்ணிகள் காட்டின் விளிம்பிலுள்ள பயிர்களை நாடுகின்றன.

கள்ள வேட்டை

உரிம வேட்டை ஒழிந்த பின்னரும் கள்ள வேட்டை நீடிக்கின்றது. சுருக்குக் கம்பி, நேரடி மின்கம்பி, அவுட்டுக்காய் எனப்படும் நாட்டு வெடி ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. இவை பெரும்பாலும் காட்டின் உட்பகுதியில் அன்றி, காடும் வயலும் சந்திக்கும் விளிம்பில் வைக்கப்படுகின்றன. பயிரைத் தேடி வரும் காட்டுப்பன்றியே இவற்றின் முதன்மை இலக்கு. ஆனால் கண்ணியும் வெடியும் விலங்கினத்தைப் பிரித்தறிவதில்லை. பழத்தில் பொதிந்த வெடியைக் கடித்து வாய் சிதைந்த யானைகள் உண்ண இயலாமல் பட்டினியால் இறந்துள்ளன. சுருக்குக் கம்பியில் சிறுத்தைகள் சிக்கியுள்ளன.

சமவெளியில்: நெய்வேலிப் பகுதியும் வேடந்தாங்கலும்

மலைப்பகுதியில் பொதுக் காடுகளுக்கிடையே தனியார் நிலம் உள்ளது. கடலூர் மாவட்டச் சமவெளியில் நிலைமை நேர்மாறானது. இங்கு முந்திரித் தோப்பு, பலா, கரும்பு, நெல் என விரிந்த பட்டா நிலங்களுக்கிடையே, ஏரிகளும் ஓடைகளும் மட்டுமே பொது நிலமாக எஞ்சியுள்ளன. மயில், காட்டுப்பன்றி, நரி ஆகியவற்றுக்குத் தோப்புகளும் புதர்களுமே உறைவிடம்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக 1956 இல் அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1962 இல் நிலக்கரி உற்பத்தி தொடங்கியது. இது தனியார் நிறுவனம் அன்று. ஆயினும், உழவர்களின் பட்டா நிலங்கள் ஒரே உடைமையாளரிடம் சென்று சேரும்போது நிலத்தின் பயன்பாடு எவ்வாறு முழுமையாக மாறுகின்றது என்பதை இங்குக் காணலாம். வயல் திறந்தவெளிச் சுரங்கமாகின்றது. தோண்டியெடுத்த மேல்மண் குன்றுகளாகக் குவிக்கப்பட்டு, பின்னர் அவற்றின் மீது மரங்கள் நடப்படுகின்றன. நகரியத்தின் சாலைகளிலும் குடியிருப்புகளிலும் வளர்ந்துள்ள மரங்கள் பறவைகளுக்கு இடமளிக்கின்றன. வயலில் இரை தேடும் பறவைகளுக்கு உரிய இடமோ குறைகின்றது. 2023 இல் சுரங்க விரிவாக்கத்திற்காக வளையமாதேவி பகுதியில் விளைந்து நின்ற பயிருக்கிடையே கால்வாய் தோண்டப்பட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது.

சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றின் பாசனப் பரப்பிற்குப் பயன்படுகின்றது. அந்நீரோடு வண்டலும் வந்து படிவதாக உழவர்கள் முறையிட்டு வந்துள்ளனர். ஏரியின் ஆழம் மாறினால் மீன் மாறும். மீன் மாறினால் அங்கு வரும் நீர்ப்பறவையும் மாறும். மேட்டில் உள்ள ஒரு நிலத்தின் பயன்பாடு, தாழ்விலுள்ள பொது ஏரியின் உயிரினங்களை மாற்றுவதற்கு இது எளிய விளக்கமாகும்.

ஏரியும் வயலும் ஒன்றையொன்று வாழவைக்கும் நிலையைச் செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள வேடந்தாங்கலில் காணலாம். ஏரியிலுள்ள மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து, அந்நீர் பாயும் வயல்களுக்கு உரமாகின்றது. இதனை உணர்ந்த ஊர் மக்கள் பறவைகளைச் சுடுவதைத் தடுத்து வந்தனர். 1798 இல் ஆங்கிலேய ஆட்சியரிடமிருந்து இதற்கு உரிமை ஆவணமும் பெற்றனர். கூடு பொது ஏரியில் இருப்பினும், இரை சுற்றிலுமுள்ள வயல்களிலும் பிற ஏரிகளிலும்தான் கிடைக்கின்றது. இதன் காரணமாக 1998 இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரம் கொண்ட பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020 இல் இதனை 3 கிலோமீட்டராகக் குறைக்க முன்வைக்கப்பட்ட திட்டம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் காட்டு விலங்குகள் மக்களின் பொதுச் சொத்தாகக் கருதப்படுகின்றன. பொது நிலங்களில் உரிமத்துடன் வேட்டை அனுமதிக்கப்படுகின்றது. மொண்டானா போன்ற மேற்கு மாநிலங்களில், வேட்டைப் பருவம் தொடங்கியதும் எல்க் மான்கள் பொதுக் காட்டை விட்டு, வேட்டைக்கு அனுமதியில்லாத தனியார் பண்ணைகளில் ஒதுங்குகின்றன. இதனால் பொது நிலத்தில் வேட்டைக்கு விலங்கு கிடைப்பதில்லை. தனியார் நிலத்தில் மந்தை அளவிற்கு மீறிப் பெருகுகின்றது. மேலும் 19 ஆம் நூற்றாண்டில் தொடர்வண்டி நிறுவனங்களுக்கு ஒன்றுவிட்டு ஒன்றாக நிலக் கட்டங்கள் வழங்கப்பட்டதால், அங்குப் பல பொது நிலங்கள் சதுரங்கப் பலகை போலத் தனியார் நிலங்களால் சூழப்பட்டுள்ளன. தனியார் நிலத்தில் கால் வைக்காமல் மூலையைத் தாண்டிப் பொது நிலத்திற்குள் செல்லலாம் என வயோமிங் வழக்கு ஒன்றில் 2025 மார்ச்சில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நமீபியாவில் 1975 இல் பண்ணை உரிமையாளர்களுக்குத் தம் நிலத்திலுள்ள சில விலங்குகளைப் பயன்படுத்தும் உரிமை வழங்கப்பட்டது. விலங்கு வருவாய் தருவதாயிற்று. பண்ணைகளில் அவற்றின் எண்ணிக்கையும் உயர்ந்தது. 1996 இல் இவ்வுரிமை ஊர்ச் சமூகங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மக்கள் அடர்த்தி மிகுந்த, சிறு நிலங்களைக் கொண்ட இந்தியாவிற்கு இம்முறை அப்படியே பொருந்தும் எனக் கூற இயலாது.

நில உடைமையாளர்களின் நிலையும் தீர்வு முயற்சிகளும்

விலங்கு பொதுவுடைமை என்றாலும், அதனால் ஏற்படும் இழப்பு தனியாருடையதாகவே உள்ளது. ஒரே இரவில் காட்டுப்பன்றிக் கூட்டம் மணிலாப் பயிரைக் கிளறிவிட்டால், அப்பருவத்தின் உழைப்பு முழுவதும் வீணாகின்றது. இழப்பீடு பெற விண்ணப்பம், ஆய்வு, ஒப்புதல் ஆகிய படிகளைக் கடக்க வேண்டும். இழப்பீடு தாமதமாகும் இடங்களில் உழவர் நேரடி மின்கம்பியை நாடும் சூழல் உருவாகின்றது. அக்கம்பியில் யானை சிக்கி இறப்பதும், இரவில் வயலுக்குச் செல்லும் மனிதர்கள் இறப்பதும் உண்டு.

2025 சனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றிகளைக் கட்டுப்படுத்தும் முறையொன்றை அறிவித்தது. இதன்படி காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அவற்றைச் சுடுவதற்கு அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம்.

வழித்தடங்களைப் பொறுத்தவரை, சட்டத்தின் வழியே நிலத்தை மீட்பது ஒரு முறையாகும். சீகூர் இதற்கு எடுத்துக்காட்டு. உடைமையாளர்களின் இசைவுடன் நிலத்தை விலைக்கு வாங்கி, குடும்பங்களுக்கு வேறிடத்தில் வீடும் நிலமும் அளிப்பது மற்றொரு முறையாகும். கேரளத்தின் வயநாட்டில் திருநெல்லி–குதிரைக்கோடு யானை வழித்தடம் இவ்வாறு தன்னார்வ அமைப்புகளால் வாங்கப்பட்டு அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலத்தை உடைமையாளரிடமே விட்டு, வேலியைத் தவிர்த்தல், யானை விரும்பாத பயிர்களை இடுதல், பாதுகாப்பான மருந்துகளைப் பயன்படுத்துதல் போன்றவற்றை ஊக்குவிப்பது மூன்றாவது முறையாகும். இம்மூன்றில் எது மேற்கொள்ளப்படினும், விலங்கைக் காப்பதற்கான செலவை அதன் பாதையில் நிலம் வைத்திருப்பவர் மட்டும் சுமக்க நேர்ந்தால், அவ்விலங்கிற்குப் பட்டா நிலத்தில் பாதுகாப்புக் கிடைப்பது அரிது.